கைபேசியும் காத்திருப்பும்

இலங்கையின் வன்னியில் உளவளத்துணையாளராகப் பணியாற்றும் என்னிடம் அண்மைய ஆண்டுகளில் அடிக்கடி வரும் முறைப்பாடு, "எந்நேரமும் போன்தான்" என்பதாகும். பெற்றோர் அதைப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறார்கள். பிள்ளைகளைத் தனியே இருத்திக் கேட்டால், அவர்களும் அதே சொற்களால் பெற்றோரைப் பற்றிச் சொல்கிறார்கள்.

ஊடகத்தில் தங்கியிருப்பது இங்கு புதிதன்று. மின்சாரம் இல்லாமலும், வானொலிக்கான மின்கலங்களுக்குத் தடை இருந்ததாலும், போர்க்காலத்தில் துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து பி.பி.சி. தமிழோசை கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. செய்தி கேட்காமல் அவர்களால் உறங்க முடியவில்லை. மறுநாள் மூட்டை கட்ட வேண்டுமா என்பதை அந்தச் செய்தியே சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் நிகழ்ச்சி அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முடியாவிட்டாலும் சுற்றுபவரின் கை ஓய்ந்துவிடும். அதன்பின் முற்றத்தில் இருந்தவர்கள் கேட்டதைப் பற்றித் தமக்குள் கதைத்துவிட்டே எழுந்து சென்றார்கள். அச்சத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் அந்தக் கால் மணி நேரக் கதையே செய்தியைவிட அவர்களைக் காத்தது என்று நான் எண்ணுவதுண்டு.

இன்றைய திரைக்கு அத்தகைய முடிவு எதுவும் இல்லை. இரணைமடுக் குளத்தில் தூண்டில் போடுபவரைப் பாருங்கள். போட்ட ஒவ்வொரு முறையும் மீன் அகப்படுமானால், கறிக்குப் போதுமானதும் அவர் எழுந்துவிடுவார். எப்போது கொத்தும் என்று தெரியாததாலேயே வெயில் ஏறிய பின்னும் இருக்கிறார். விரலால் தள்ளத் தள்ள வரும் காணொளிகளும் இவ்வாறே வேலை செய்கின்றன. பத்தில் ஒன்றுதான் மனதைத் தொடும். அது எந்த ஒன்று என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே, கைபேசியை வைக்க முடியாதவரைச் "சோம்பேறி" என்று ஏசுவதில் பயனில்லை.

உலக சுகாதார நிறுவனம் கணினி விளையாட்டு தொடர்பான கோளாறைத் தனது நோய் வகைப்படுத்தலில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரி முதல் அந்த வகைப்படுத்தல் நடைமுறையில் உள்ளது. நேரக்கணக்கை மட்டும் வைத்து அது தீர்மானிக்கப்படுவதில்லை. விளையாட்டை நிறுத்த இயலாமை, படிப்பு, உணவு, உறவு ஆகியவற்றைவிட அதுவே முதன்மையாகிவிடுதல், தீங்கு தெரிந்த பின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களாவது காணப்பட வேண்டும். ஆகவே, பரீட்சை முடிந்த விடுமுறையில் இரண்டு வாரம் விளையாடிய மகனை நோயாளியாக்கி அழைத்து வர வேண்டியதில்லை. மாறாக, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குச் சோறு ஊட்டக் கைபேசியைக் காட்டும் வழக்கம் எனக்கு உண்மையான கவலையைத் தருகிறது. அந்த வயதில் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தை மீற வேண்டாம் என்றும் அதே நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

எனினும் நான் இதை எழுத முற்பட்டது ஒரு தாயின் பொருட்டே. அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியுள்ளேன். 2009 மே மாதத்திற்குப் பின் மகனைக் காணாதவர். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பேரப்பிள்ளையின் இணையவழிப் படிப்புக்காக வாங்கிய கைபேசி, பின்னர் அவரது கைக்கு வந்தது. காணாமலாக்கப்பட்டோர் பற்றிய காணொளி ஒன்றைப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் மகனின் முகம் இருக்குமோ என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அவர் நின்று பார்த்ததைக் கணக்கில் எடுத்த செயலி, அதே வகையில் இன்னும் பலவற்றை அவர் முன் வைத்தது. அது துயரத்தை அறியாது. எந்தப் படத்தில் விரல் தயங்கியது என்பதை மட்டுமே அறியும். இரகசிய முகாம் என்றும், சாத்திரக்காரர் உயிருடன் இருப்பதாகச் சொன்னார் என்றும் தலைப்பிட்ட, எவரும் உறுதிப்படுத்தாத காணொளிகள் நள்ளிரவு தாண்டியும் வந்துகொண்டிருந்தன. என்னிடம் வந்தபோது அவர் இரவில் மூன்று மணி நேரம்கூட உறங்குவதில்லை. இரத்த அழுத்த மாத்திரையையும் ஒழுங்காக எடுப்பதில்லை.

படித்த பாடத்தின்படி, இரவில் கைபேசியை அணைத்து வைக்குமாறு நான் சொன்னேன். "இரவில அவன் எடுத்தானெண்டால் ஆர் பிள்ளை கதைக்கிறது?" என்று கேட்டார். எவ்வளவு அவசரப்பட்டு அந்த ஆலோசனையைச் சொல்லிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐரோப்பாவில் வேலை முடிந்து உறவுகள் அழைக்கும் நேரம் இங்கு நள்ளிரவாக இருப்பதால், மணியை நிறுத்த மறுக்கும் வேறு பலரையும் பிடிவாதக்காரர்கள் என்று நான் தவறாகக் குறித்து வைத்திருந்தேன்.

அவரது கைபேசியில் இரண்டு வேறு பொருள்கள் ஒன்றாகக் கிடந்தன: ஒன்று காத்திருப்பு, மற்றொன்று காணொளி. காத்திருப்பை விடுமாறு அவரிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. காணொளியை மட்டும் பிரிக்க முடியுமா என்று இருவரும் யோசித்தோம். இரவு எட்டு மணிக்கு மகள் டேட்டாவை நிறுத்திவிடுவது, அழைப்பு மணியை முழுச் சத்தத்தில் விடுவது, பார்க்க வேண்டிய காணொளிகளை மாலையில் திண்ணையில் மகளுடன் இருந்து பார்ப்பது, பார்த்ததைப் பற்றிக் கதைப்பது என்று முடிவாகியது. முதல் இரண்டு வாரங்களில் பலமுறை தவறியது. மகளுடன் கோபித்துக்கொண்டு ஒரு நாள் சாப்பிடாமலும் இருந்திருக்கிறார்.

இதுபோன்ற நிலையில் இருப்போர் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு நேரில் செல்லலாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

கடந்த மாதக் கிளினிக்குக்கு அந்தத் தாய் தனியாகவே வந்திருந்தார். ஐந்து மணி நேரம் உறங்குவதாகச் சொன்னார். கைபேசி இப்போது தலைமாட்டில் இல்லை, சுவாமிப் படத்தட்டில் இருக்கிறதாம். படுக்கப் போகுமுன் அது முழுவதும் சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்வாராம்.