ஈஸ்ட் சொல்லும் சாட்சி

பாட்டில் தண்ணீரில் ஹார்மோனைக் குழப்பும் ரசாயனம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் கேட்டால், "எந்த ரசாயனம்?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். வழக்கமான சோதனை பெயர் சொல்லித் தேடுவது. பலரும் தேடச் சொல்வது பிஸ்பீனால் ஏ. ஆனால் கடையில் தண்ணீர் வரும் பெட் (PET என்ற பிளாஸ்டிக்) பாட்டில் அதைக் கொண்டு செய்யப்படுவதே இல்லை. அது பாலிகார்பனேட் கேன்களின் மூலப்பொருள். அது இல்லை என்பதற்காகத் தண்ணீர் சுத்தம் என்று சொல்லிவிட முடியுமா?

ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் கோதே பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் வாக்னரும் யோர்க் ஓல்மானும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் பெயரைத் தேடவில்லை. இந்தத் தண்ணீர் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போல வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

அதற்கு உதவியது ஈஸ்ட். மனித உடலில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் புரதமான ஏற்பிக்கான மரபணுவை அதற்குள் வைத்துவிடுகிறார்கள். ஈஸ்ட்ரோஜனோ, அதுபோல நடிக்கும் வேறொன்றோ ஏற்பியில் ஒட்டினால் ஈஸ்ட் ஒரு நொதியைச் சுரக்கும். அந்த நொதி மஞ்சள் சாயத்தைச் சிவப்பாக்கும். எவ்வளவு சிவப்பு என்பதை, அளவு தெரிந்த எஸ்ட்ராடியால் (உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்) தரும் சிவப்போடு ஒப்பிட்டால் கணக்கு கிடைத்துவிடும்.

சோதித்த 20 வகை மினரல் வாட்டரில் 12 சிவந்தன. சராசரி, லிட்டருக்கு 18 நானோகிராம் எஸ்ட்ராடியாலுக்குச் சமம். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. பெட் பாட்டில்களில் 9-க்கு 7, கண்ணாடியில் 9-க்கு 3, டெட்ரா பேக் அட்டைப் பெட்டியில் வந்த இரண்டும் சிவந்தன. கண்ணாடியும் முழுசாகத் தப்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்; ஊற்றிலிருந்து மூடி வரை தண்ணீர் எதையெல்லாமோ தொட்டுத்தான் வருகிறது.

சரி, பாட்டிலின் பங்கை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தண்ணீரைக் கொட்டிவிட்டு, எல்லாப் பாட்டிலிலும் ஒரே மாதிரியான வளர்ப்பு நீரை நிரப்பி, நியூசிலாந்துச் சேற்று நத்தைகளை விட்டார்கள். ஈஸ்ட்ரோஜன் போன்றவை பட்டால் இந்த நத்தைகளின் கருக்கள் எண்ணிக்கையில் பெருகும். சில பெட் பாட்டில்களில் வளர்ந்தவற்றின் கருக்கள், கண்ணாடியில் வளர்ந்தவற்றைவிட இரு மடங்குக்கும் மேல்.

குற்றவாளி யார் என்று மட்டும் ஈஸ்டோ நத்தையோ சொல்லாது. அதற்கு, மூலக்கூறுகளை அவற்றின் நிறையை வைத்து அடையாளம் காணும் நிறை நிறமாலைமானி வேண்டும். 2013-இல் வாக்னர் குழு 18 தண்ணீர்களைச் சோதித்தபோது, இம்முறை ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் தன்மை 13-இல் தெரிந்தது. கருவி காட்டியதோ 24,520 அயனிகள் (மின்னூட்டம் பெற்ற துகள்கள்)! அவற்றைச் சலித்துக் கடைசியில் டை எத்தில்ஹெக்சைல் ஃபியூமரேட் என்ற ஒன்றைச் சந்தேகப் பட்டியலில் வைத்தார்கள். ஆனால் அது ஒன்றே அந்த விளைவு முழுவதையும் விளக்கிவிடவில்லை. ஈஸ்ட் சிவப்பதும் உடல் பாதிக்கப்படுவதும் ஒன்றல்ல. குடித்ததைச் சிதைத்து மாற்றும் நம் குடலும் கல்லீரலும் ஈஸ்டிடம் இல்லை.