ஹனோயில் சூப்பை மிச்சம் வைத்தால் தப்பில்லை

வியட்நாம் டூருக்குப் பணம் கட்டிவிட்டு என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள். "மேடம், அந்த ஊர் சாப்பாடு நமக்கு ஒத்துக்குமா?" என்பதுதான் முதல் கேள்வி. பையில் புளிக்காய்ச்சலும் தொக்கும் அதற்குள் ஏறியிருக்கும். தாராளமாகக் கொண்டுபோங்கள். ஆனால் தொக்கிலும் உப்பு ஒன்றும் குறைச்சல் இல்லை!

அந்நாட்டுத் தலைநகரான ஹனோயின் சமையலில் நான் பார்க்கச் சொல்வதும் உப்பைத்தான். அது பெரும்பாலும் சாற்றில்தான் இருக்கிறது. காலை உணவான ஃபோவையே எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, தணலில் சுட்ட இஞ்சி, வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை சேர்த்து இறக்கிய சூப்பை அரிசி நூடுல்ஸ்மேல் ஊற்றித் தருவார்கள். அதில் நுவோக் மாம் என்ற மீன் சாறு சேரும். நெத்திலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிப்பது அது. ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 1,400 மில்லிகிராம் சோடியம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 2,000. அதனால் நூடுல்ஸையும் கறியையும் சாப்பிட்டுவிட்டு சூப்பைப் பாதியில் வைத்துவிடுங்கள். ருசி போதவில்லையென்றால் மேசையில் இருக்கும் எலுமிச்சையைப் பிழியுங்கள், வினிகரில் ஊறிய பூண்டைப் போடுங்கள். சாஸ் பாட்டில் பக்கம் கை போக வேண்டாம்.

மதியம் புன் சா. கரியடுப்பில் சுட்ட பன்றிக்கறி, சர்க்கரையும் வினிகரும் கலந்து நீர்த்த நுவோக் மாமில் மிதந்து வரும். கூடவே ஒரு தட்டில் வெள்ளை நூடுல்ஸ், இன்னொன்றில் குவியலாகப் பச்சை இலைகள். நம்மவர்கள் சாதத்தில் ரசம் ஊற்றுவதுபோல எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் நூடுல்ஸும் இரண்டு இலையுமாகக் கிண்ணத்தில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவதே அந்த ஊர் வழக்கம். ருசியும் அதில்தான், உள்ளே போகும் சாறும் குறையும். 2016-இல் ஒபாமா சாப்பிட்ட கடைதான் வேண்டும் என்று அலையாதீர்கள். மதிய நேரத்தில் நடைபாதையில் கறி சுடும் புகை எழுந்து, உள்ளூர்க்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் எந்தக் கடையும் போதும்.

மஞ்சளும் சோயிக்கீரையும் சேர்த்து மேசையிலேயே வதக்கித் தரும் சா கா மீன், நம் நாக்குக்குச் சட்டென்று பிடித்துவிடும். ஆனால் அதில் வறுத்த வேர்க்கடலை உண்டு. கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அதை வியட்நாமிய மொழியில் எழுதிய சீட்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது கட்டாயம்.

சைவர்களுக்கு: "கறி வேண்டாம்" என்றால் கறியை மட்டும்தான் எடுப்பார்கள், மீன் சாறு அப்படியே இருக்கும். 'சாய்' என்று பலகை போட்ட சைவக் கடைகளைத் தேடுங்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால், அன்று அந்தக் கடைகளில் கூட்டம் இருக்கும்.

ஒன்றில் மட்டும் நான் சமரசம் செய்வதில்லை: தியெத் கான் என்ற, வேகவைக்காத ரத்த உணவு. பன்றி ரத்தத்தில் செய்ததைச் சாப்பிட்டு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் கிருமியால் மூளை உறை அழற்சி வந்தவர்கள் அந்நாட்டிலேயே உண்டு. பிழைத்தவர்களில் பலருக்குக் காது கேட்காமல் போயிருக்கிறது. யார் உபசரித்தாலும் மறுத்துவிடுங்கள்.

முட்டைக் காபி பற்றியும் கேட்கிறார்கள். 1946-இல் பால் தட்டுப்பாட்டுக் காலத்தில் பிறந்தது. மஞ்சள்கருவையும் இனிப்பையும் நுரைக்க அடித்துக் காபிமேல் ஊற்றுவார்கள். அந்தச் சூட்டில் முட்டை முழுதாக வேகாது. கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் பக்கத்தில் இருப்பவர் கோப்பையில் இரண்டு வாய் குடித்துப் பார்க்கலாம்.