பரோக் என்றால் கறடு

இத்தாலிய ஓவியர் ஆர்ட்டெமீசியா ஜென்டிலெஸ்கி வரைந்த யூதித்து ஓவியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் 'பரோக் ஓவியம்', அதாவது 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஓங்கியிருந்த கலைப்பாணியைச் சேர்ந்தது, என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறார்கள். 1593இல் ரோமில் பிறந்த அந்த அம்மாவிடம் போய் இதைச் சொல்லியிருந்தால், தன் படத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றே அவருக்குப் புரிந்திருக்காது. ஏனென்றால் அது அப்போது முத்து வியாபாரிகளின் சொல்.

போர்த்துகீசிய மொழியில் 'பர்ரோக்கோ' என்றால் உருண்டு திரளாமல் கோணல்மாணலாக விளைந்த முத்து. 1563இல் கோவாவில் அச்சான போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தாவின் மருந்துப்பொருள் நூலிலேயே இந்தச் சொல் இந்தப் பொருளில் வருகிறது. 1694இல் வெளிவந்த பிரெஞ்சு அகாதமியின் அகராதியும், வட்டம் சரியாக அமையாத முத்துக்கு மட்டுமே வழங்கும் சொல் என்று எழுதிவைத்தது. அப்புறம்தான் அது வசைச்சொல்லாக மாறியது. 18ஆம் நூற்றாண்டில் கரடுமுரடான இசையையும் அளவு மீறிய கட்டடத்தையும் 'பரோக்' என்று பழித்தார்கள். 1888இல் ஹைன்ரிஷ் வோல்ஃப்லின் என்ற கலை வரலாற்றாசிரியர் இதை ஒரு பாணியின் பெயராக எடுத்து ஆராய்ந்த பிறகு வசை கழன்றது. லத்தீன் தர்க்கப் பாடத்தில் மாணவர்கள் மனப்பாடம் செய்த 'பரோகோ' என்ற குறிச்சொல்தான் மூலம் என்போரும் உண்டு. எனக்கு முத்துக் கதைதான் நம்பும்படி இருக்கிறது.

முத்து என்று வந்துவிட்டால் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இறைவனுக்குக் கொடுத்த நகைகளின் பட்டியல் இருக்கிறது. அதில் முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி என்று தரம் பிரித்து எழுதியிருக்கிறார்கள். வெறும் 'முத்து' என்று எழுதி முடித்துக்கொள்ள அந்தக் கணக்கர்களுக்கு மனம் வரவில்லை. இதில் 'கறடு' என்பது சீராக உருளாத முத்து. 'பர்ரோக்கோ'வுக்கு நேர்ச்சொல், போர்த்துகீசியர் முத்துக் கரைக்கு வருவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டிக் கிடக்கிறது.

சரி, இந்தச் சொல் ஓவியத்துக்குப் பொருந்துமா? யூதித்து நூல் கத்தோலிக்க விவிலியத்தில் உண்டு. புராட்டஸ்டன்ட் பைபிளில் தேடினால் கிடைக்காது. முற்றுகையிட வந்த படைத்தலைவன் ஒலோபெரின் குடித்துக் கிடக்கும்போது யூதித்து என்ற கைம்பெண் அவன் வாளாலேயே இரண்டு முறை வெட்டித் தலையைத் துண்டிக்கிறாள். அதே காலத்து இத்தாலிய ஓவியர் கரவாஜியோ வரைந்த யூதித்து முகத்தைச் சுளித்து, உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வெட்டுகிறாள். கிழவியான பணிப்பெண் பக்கத்தில் நின்று பார்க்கிறாள். ஆர்ட்டெமீசியாவின் யூதித்து முழங்கைக்கு மேல் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கியவள். பணிப்பெண்ணும் இளம்பெண், அவனை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கிறாள். விவிலியத்தில் அவள் வெளியே நிற்க, உள்ளே இழுத்து வந்தது ஓவியரின் முடிவு. மூன்று பேரின் கைகளும் பின்னிக் கிடப்பதில் எது யாருடையது என்று ஒரு கணம் தடுமாறுகிறோம். பின்புலம் முழுக்க இருட்டு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம், மெத்தையில் வழியும் ரத்தம். நேப்பிள்சில் ஒன்றும், 1620ஐ ஒட்டி வரைந்த இன்னொன்று ஃப்ளோரன்சின் உஃபிஸி கலைக்கூடத்திலுமாக இரண்டு படங்கள் இருக்கின்றன. உஃபிஸி படத்தில் ரத்தம் பீய்ச்சியும் அடிக்கிறது.

பரோக்கை 'மிகையலங்காரப் பாணி' என்று தமிழாக்கினால் இந்தப் படம் அதற்குள் அடங்காது. இதில் அலங்காரம் எங்கே இருக்கிறது? இருப்பது திமிறலும் முறுக்கலும், சமனாக நிற்க மறுக்கும் உடல்களும்தான். வழவழப்பான ஆணிமுத்தை மறுமலர்ச்சிக் கால ஓவியத்துக்கு விட்டுவிட்டு, இதைக் 'கறட்டுப் பாணி' என்று சொன்னால் அந்த மேடுபள்ளம் கையில் தட்டுப்படுகிறது.

காலத்தின் பெயராக வரும்போது 'பரோக்' அப்படியே இருக்கட்டும். 'பரோக் காலம்' என்பதைக் 'கறட்டுக் காலம்' ஆக்கினால் படிப்பவர் பஞ்சகாலம் என்று நினைத்துவிடுவார். பாணியை விளக்கும் இடத்தில் 'கறட்டுப் பாணி' என்று எழுதலாம். நகைக்கடையில் 'பரோக் பெர்ல்' என்று அட்டை தொங்கினால் மட்டும் எந்தத் தயக்கமும் வேண்டாம்: அது கறட்டு முத்து.