கப்பல் மாணவர்களின் ஆங்கிலப் பாடத்தில் எதை மாற்ற வேண்டும்?

"மே ஐ என்டர் த ஃபேர்வே?" கப்பல்கள் செல்லும் தடமான ஃபேர்வேக்குள் நுழையலாமா என்ற இந்தக் கேள்வியில் இலக்கணப் பிழையில்லை. ஆனால் விஎச்எஃப் (கப்பல் வானொலி) இரைச்சலில் இது அனுமதி கேட்பதா, 'நான் நுழையக்கூடும்' என்ற தகவலா என்று எதிர்முனைக்குக் குழப்பம் வரும். சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ 2001-இல் ஏற்ற எஸ்எம்சிபி எனும் தரப்படுத்திய கடல்சார் ஆங்கிலத் தொடர்களில் இதையே "கொஸ்டின். டூ ஐ ஹாவ் பெர்மிஷன் டு என்டர் த ஃபேர்வே?" என்று கேட்க வேண்டும். வருவது கேள்வி என்பது முதல் சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

எண்களில்தான் அதிகம் தவறுகிறார்கள். 150 என்றால் "ஒன் ஃபைவ் ஸீரோ". சுக்கான் உத்தரவில் மட்டும் 15 பாகை "ஃபிஃப்டீன்". இரண்டையும் ஒரே வகுப்பில் கலந்து கற்பித்தால் இரண்டுமே நிற்காது. இருவரை முதுகுக்கு முதுகாக உட்காரவைத்து, எஞ்சின் சத்தத்தை ஓடவிட்டு, ஒருவர் அட்சரேகை, தீர்க்கரேகை சொல்ல மற்றவர் சார்ட்டில் (கடல் வரைபடத்தில்) குறிக்கட்டும். "ஓகே" என்ற பதிலை ஏற்கவே கூடாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். காதில் விழாவிட்டால் "ஸே அகெய்ன்".

இவ்வளவும் அடிப்படை. வேலை இப்போது இதற்கு மேலும் கேட்கிறது. டேங்கர்களில் 2024 செப்டம்பரில் தொடங்கிய சைர் 2.0 என்ற பாதுகாப்பு ஆய்வில், ஆய்வாளர் மாலுமியிடமே நேரில் பேசுகிறார். மூடிய தொட்டிக்குள் இறங்குமுன் ஆக்சிஜன் 21 சதவீதம் இருக்க வேண்டும் என்று மாணவர் ஒப்பித்துவிடுவார். "மேலே, நடுவே, அடியில் என மூன்று இடங்களில் ஏன் அளக்கிறாய்?" என்றால் திணறுவார். காரணம் தெரியாமல் அல்ல. கனமான வாயு அடியில் தங்கும் என்பதை "பிகாஸ்" வைத்து ஒரு வாக்கியமாக்கிப் பழக்கமில்லை. செக்லிஸ்ட்டின் ஒவ்வொரு வரிக்கும் 'ஏன்' கேட்கும் பயிற்சி வாரம் ஒரு முறையாவது வேண்டும்.

கப்பலின் எரிபொருள் மாறினால் பாடமும் மாறும். மெத்தனால் தீயின் சுடர் பகலில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. "ஐ கேன் ஸீ ஃபிளேம்ஸ்" என்று மட்டுமே பழகியவரால் அங்கே சரியாகத் தகவல் தர முடியாது. வெப்பம், அலாரம், வெப்பக் கேமராவில் தெரிவது ஆகியவற்றைச் சொல்லும் வாக்கியங்கள் வேண்டும்.

எதைச் சேர்ப்பது என்பதை ஆசிரியர் அறைக்குள் ஊகிக்க வேண்டாம். கடல் பயிற்சி முடித்துத் திரும்பும் ஒவ்வொரு பேட்ச்சிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: யாரிடம் பேசினாய், என்ன எழுதினாய், எங்கே தடுமாறினாய். அவர்கள் கொண்டுவரும் மின்னஞ்சல், நியர் மிஸ் (மயிரிழையில் தவறிய விபத்து) படிவங்களில் பெயர்களை அழித்துவிட்டுப் பாடமாக்குங்கள். கோடிட்ட இடம் நிரப்பும் தேர்வில் பாதியைக் குறைத்து, ஆளுக்குப் பத்து நிமிட வாய்மொழித் தேர்வு வையுங்கள்.