மன அழுத்தம்: ஒரே சொல்லில் இரண்டு சங்கதிகள்

எங்கள் அலுவலகத்தில் 'மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்கு' என்று மறுபடியும் சுற்றறிக்கை வந்திருக்கிறது. மதிய இடைவேளையில் 40 நிமிடம். அதே வாரம் ஒரு மருத்துவமனை விளம்பரத்தில் 'மன அழுத்தம் ஒரு நோய், தயங்காமல் சிகிச்சை பெறுங்கள்' என்று பார்த்தேன். முதலாவது ஸ்ட்ரெஸ், இரண்டாவது டிப்ரெஷன். தமிழில் மட்டும் இரண்டுக்கும் ஒரே சொல். மாதக் கடைசி வேலை நெருக்கடியில் தவிப்பவர் தனக்கு நோய் என்று பயப்படுகிறார், உண்மையிலேயே மனச்சோர்வு நோயில் கிடப்பவரிடம் 'ஒரு வாரம் லீவு போடுங்க, சரியாகிடும்' என்கிறார்கள்.

ஸ்ட்ரெஸ், இறுக்கிக் கட்டுவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. பொறியியலில் புழங்கியதை உடலுக்குக் கொண்டுவந்து பரப்பியவர் உடலியல் ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே, இதைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை வந்தது 1936-இல். டிப்ரெஷனின் லத்தீன் வேர்தான் கீழே அழுத்துவது. ஆக, வேரைப் பார்த்தால்கூட அழுத்தம் ஸ்ட்ரெஸ்ஸுக்குச் சேராது. பள்ளி இயற்பியல் பாடத்திலும் அழுத்தம் வேறு, தகைவு வேறு. ஸ்ட்ரெஸ்ஸுக்கு அங்கே தகைவு.

அப்படியென்றால் மனத்தகைவு என்று வைத்துக்கொள்ளலாமே என்பார்கள் தனித்தமிழ் நண்பர்கள். எனக்கும் தனித்தமிழ் பிடிக்கும், ஆனால் தூக்கம் வராமல் தவிக்கும் ஒருவர் மனைவியிடம் 'எனக்கு மனத்தகைவாக இருக்கிறது' என்று சொல்வாரா? மன இறுக்கம் வேருக்குப் பொருத்தம்தான், அதை ஏற்கெனவே ஆட்டிசத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம், இன்னொரு குழப்பம் வேண்டாம்.

நான் சொல்வது மன உளைச்சல். நடந்து நடந்து கால் உளைகிறது என்கிறோமே, அந்த உளைச்சல். நுகர்வோர் நீதிமன்றச் செய்திகளில் 'மன உளைச்சலுக்கு இழப்பீடு' என்று படிக்கிறோம், அது கடுமையான வேதனை அல்லவா என்று கேட்கலாம். எனக்கு அதுவேதான் வசதி. உளைச்சல் என்றதும் அதைக் கொடுத்தது யார், எது என்ற கேள்வி கூடவே வருகிறது. அலுவலகத்துக்கு அந்தக் கேள்வி அவசியம். அழுத்தம் என்றால் எல்லாம் ஊழியர் மனசுக்குள்ளேயே நடப்பதுபோல ஆகிவிடுகிறது, மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள், ஆள் குறைவாக இருப்பதையும் இரவு பத்து மணிக்கு வரும் போனையும் யாரும் பேசுவதில்லை.

அப்புறம் இந்த மேலாண்மை. நீரை, கழிவை மேலாண்மை செய்யலாம். உளைச்சலைச் சமாளிக்கிறோம், குறைக்கிறோம். நல்ல வினைச்சொற்கள் இருக்கும்போது மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் எல்லாவற்றுக்கும் இதையே ஒட்டுகிறார்கள்?

டிப்ரெஷனுக்கு மனச்சோர்வு என்றே எழுதுங்கள். சுற்றறிக்கைத் தலைப்பை 'வேலையில் வரும் மன உளைச்சலைக் குறைக்க' என்று திருத்தி அனுப்பியிருக்கிறேன், மதிய இடைவேளையில் வைக்க வேண்டாம் என்றும் சேர்த்து.