வெறும் ‘ஹைடன்’ என்று அச்சடிக்காதீர்கள்

போன வாரம் ஒரு பாடகர் குழுவின் ஒத்திகைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பியானோ மேல் புதிதாக அச்சாகி வந்த நிகழ்ச்சித்தாள் கட்டு. எடுத்துப் பார்த்தால் ‘ரெக்வியம், சி மைனர்’ (ரெக்வியம் என்றால் இறந்தவர்களுக்கான திருப்பலி இசை), பக்கத்திலேயே புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஜோசப் ஹைடனின் படம். இந்த வருடத்தில் நான் பார்க்கும் நான்காவது தாள் இது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

அது ஜோசப்பின் தம்பி மிக்கேல் ஹைடனின் இசை. 1737இல் ஆஸ்திரியாவின் ரோராவில் பிறந்தவர். 1763 முதல் 1806இல் இறக்கும்வரை சால்ஸ்பர்க்கில்தான் வேலை. ‘அண்ணன் பெயரில் பிழைத்தவர்’ என்கிறார்களே, அந்தப் பேச்சுதான் எனக்கு ஆகவே ஆகாது.

1771 ஜனவரியில் அவருடைய ஒரே மகள், ஒரு வயதுகூட நிறையாத குழந்தை, இறந்துபோனாள். அதே வருடம் டிசம்பரில் சால்ஸ்பர்க் பேராயர் ஷ்ராட்டன்பாக் காலமானார். அவருக்கான இந்த ரெக்வியத்தை இரண்டே வாரத்தில், டிசம்பர் 31 அன்று முடித்துவிட்டார் மிக்கேல். தொடக்கத்தைக் கேளுங்கள்: அடியில் பாஸ் (கீழ்ச்சுரப் பகுதி) நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும், மேலே வயலின்கள் விம்மும். 1772 ஜனவரியில் இதை வாசித்தவர்களில் லியோபோல்டும் அவர் மகன், 15 வயது மோட்சார்ட்டும் உண்டு. 1791இல் மோட்சார்ட் எழுதிய ரெக்வியத்தை இதற்கு அடுத்து வைத்துக் கேட்டால் இதன் சாயல் தெரியும், நான் மேலே எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அந்த ‘மோட்சார்ட்டின் 37ஆம் சிம்பொனி’. அப்படி ஒன்று கிடையாது! 1783இல் மிக்கேல் எழுதிய சிம்பொனிக்கு மோட்சார்ட் மெதுவான முன்பகுதி ஒன்றைச் சேர்த்தார், 20 பார் (தாளக் கட்டம்). அவ்வளவுதான். பிரதியில் மோட்சார்ட் கைப்பட எழுதிய பகுதி இருந்ததால் முழுவதும் அவருடையதாகிவிட்டது. 1907இலேயே உண்மை வெளிவந்தாயிற்று. இன்னமும் மாணவர்கள் 37 என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். ஸ்கோரில், அதாவது இசைப் பிரதியில், முழுப்பெயரைப் படியுங்கள். படைப்புப் பட்டியல் எண்ணைப் பாருங்கள்: எம்ஹெச் (MH) என்றால் மிக்கேல், ஹோப் (Hob.) என்றால் ஜோசப். இணையத்தில் கிடைத்த தாளை அப்படியே ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்காதீர்கள். படம் போடுமுன் யார் படம் என்று பாருங்கள்.

குழு நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரெக்வியத்துக்கு நான்கு ட்ரம்பெட் வேண்டும், எல்லோராலும் முடியாது. ஆனால் அடுத்து வந்த பேராயர் கொலொரேடோ கேட்டுக்கொண்டதால் 1783 முதல் மிக்கேல் எழுதிய கிராஜுவல்கள் நூறுக்கு மேல் இருக்கின்றன. திருப்பலியில் வாசகத்துக்குப் பிறகு பாடும் சிறிய துண்டுகள். நம் குழுக்களால் முடியும். இந்த வருடம் ஒன்றையாவது எடுத்துப் பாடுங்கள். தாளில் ‘மிக்கேல்’ என்று போடுங்கள்.