ஏறும்போது வராத வலி

ஆறு வாரத்துக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை, நண்பரின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி ஓர் இளைஞர் என் பிசியோதெரபி அறைக்கு வந்தார். கடலூர் வெள்ளிக் கடற்கரைப் பக்கம் தினமும் 5 கிலோமீட்டர் ஓடுகிறவர். முந்தைய நாள் ஏற்காட்டில், மலைப்பாதையில் ஒரு சின்னச் சுற்று. உச்சியைத் தொட்டுத் திரும்பினால் அதே 5 கிலோமீட்டர்தான். "உச்சி வரைக்கும் ஒண்ணும் ஆகலை மேடம். இறங்கும்போதுதான் கால் மடங்கிடுச்சு" என்றார்.

மலைக்கு ஓடப்போய் அடிபட்டு வருகிறவர்களில் பலர் இதையேதான் சொல்கிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், நாமே வேகத்தைக் குறைத்துவிடுவோம். இறங்கும்போது மூச்சு சுலபமாக இருக்கும், கால்தான் படாதபாடு படும். உடல் முன்னால் சரியாமல் ஒவ்வோர் அடியிலும் பிரேக் போடுவது முன் தொடைச் சதை. அது நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அப்போதுதான் சதை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்க முடியாமல் தொடை வலிப்பது இதனால்தான். சதை களைத்தால் பிரேக் பிடிக்காது. பாதம் தடுமாறும், ஒரு கல் போதும், கணுக்கால் உள்பக்கம் மடங்கி வெளிப்புறத் தசைநார் இழுபடும்.

நம் ஊர் சமதளம். கடற்கரையில் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் இந்த பிரேக் பழகாது. மணலில் ஓடுவது கெண்டைக்கால் சதைக்கு நல்லதுதான், ஆனால் இறக்கத்துக்கு இறங்கித்தான் பழக வேண்டும். திருவந்திபுரம் ஔஷதகிரியில் 74 படிகள் இருக்கின்றன. சாமி கும்பிட வருகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், ஓடாமல், நிதானமாக நாலைந்து முறை ஏறி இறங்குங்கள். மலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு முறை இப்படி இறங்கிப் பழகினாலே, அடுத்த முறை சதை அவ்வளவாக அடிபடாது. மலையில் இறங்கும்போது அடிகளைச் சின்னதாக வையுங்கள், முழங்காலை லேசாக மடக்கி வையுங்கள், பார்வை இரண்டு மூன்று மீட்டர் முன்னால் இருக்கட்டும். காட்சி பார்க்கணுமா? நின்று பாருங்கள்.

அப்புறம், எண்ணெய். அந்த இளைஞருக்கு அன்று ராத்திரியே ஆயா சூடாக நல்லெண்ணெய் போட்டு அழுத்தி நீவியிருக்கிறார். பாசத்தில் செய்ததுதான். ஆனால் புதிதாகப் பட்ட காயத்தில் சூடும் அழுத்தமும் வீக்கத்தைக் கூட்டும். முதல் இரண்டு மூன்று நாள் நீவவே கூடாது. துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, கிரேப் பேண்டேஜ் கட்டி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். அடிபட்ட காலை ஊன்றி நாலு அடி நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அமுக்கினால் வலித்தாலோ, எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். சுளுக்கு என்று நினைத்து, முறிந்த எலும்போடு ஒரு வாரம் நடந்தவர்களுக்கும் நான் சிகிச்சை செய்திருக்கிறேன்.

இவருக்கு எலும்பு முறியவில்லை. இப்போது ஒற்றைக் காலில் நின்று பல் துலக்கச் சொல்லியிருக்கிறேன். 30 விநாடி ஆடாமல் நிற்கிறார். கண்ணை மூடினால் இன்னும் ஆடுகிறது. அது சரியானதும் படி இறங்கத் தொடங்குவோம்.